மலைக்குப் போகாத மாலை

பதுளைக் கடைத்தெருவில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கும் ராமநாதனின் மனைவி சந்திரகாந்திக்கு மாதவிலக்கு நின்றுபோனபோது, அதை அவள் ஒரு நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டாள். உடம்பு கொதிக்கிறது, தூக்கம் பிடிக்கவில்லை, யாரைக் கண்டாலும் எரிச்சல் வருகிறது என்று மற்றப் பெண்கள் சொல்வதெல்லாம் அவளுக்கும் இருந்தது. ஆனாலும் ஒரு வருஷம் முழுதாகக் கழிந்து, இனி வராது என்று உறுதியானதும், சாமியறைக்குப் போய் விளக்கை ஏற்றிவிட்டு, "இனி நானும் வரலாமில்ல?" என்று ஐயப்பன் படத்தைப் பார்த்து வாய்விட்டே கேட்டாள்.

ராமநாதன் ஐயப்ப சாமிமாருக்குக் குருசாமி. கார்த்திகை பிறந்தால் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அவர்கள் வீடு கோயில் மாதிரி ஆகிவிடும். கறுப்பு வேட்டிக்காரர்கள் வருவதும் போவதும், பஜனையும், அன்னதானமுமாக ஒரே சந்தடி. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் சபரிமலைக்குப் போவதில்லை என்ற வழக்கத்தை அந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்டதில்லை. சந்திரகாந்தி எல்லாருக்கும் சமைப்பாள். விலக்கான நாட்களில் அதுவும் கூடாது. கற்பூரப் பெட்டிகளும் ஊதுவத்திக் கட்டுகளும் அடுக்கியிருக்கும் பின்னறையில் பாயைப் போட்டு ஒதுங்கிக்கொள்வாள். ஒரு வருஷம் சாமிமார் இருமுடிக் கட்டு நிறைக்கிற அன்றைக்கே விலக்கு வந்துவிட்டது. மகன் ஜனுஷன் கன்னிச்சாமியாக முதல் தடவை இருமுடியைத் தலையில் ஏற்றிய நாள் அது. பெற்றவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து, அத்தனை பேர் போட்ட சரணத்தில் தன் பிள்ளையின் குரல் எது என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்தக் கார்த்திகையில் ராமநாதனுக்குப் பதினெட்டாவது மலை. பதினெட்டாம் வருஷம் போகிற சாமி அங்கே ஒரு தென்னங்கன்று கொண்டுபோய் வைக்க வேண்டும். முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டதால் அதுதான் தனக்குக் கடைசி மலை என்று அவர் முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அவரேதான் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "இந்த வருஷம் நீயும் மாலை போட்டுக்க" என்றார். சந்திரகாந்தி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், அங்கே நின்று கொஞ்ச நேரம் அழுதாள்.

கார்த்திகை முதலாம் தேதி கோயிலில் வைத்து அவளுடைய கழுத்தில் அவரே மாலையைப் போட்டார். மாலை போட்டவர்கள் ஒருவரையொருவர் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அன்றிலிருந்து அவள் அவருக்கும் சாமி. "சாமி, தேத்தண்ணி குடிச்சீங்களா?" "சாமி, கொஞ்சம் இப்பிடி வர்றீங்களா?" கல்யாணமான நாள் முதல் நீ, வா, போ என்றே பேசிவந்த மனுஷன் நீங்க என்றபோது, முதல் இரண்டு நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது பிடித்துப்போனது. எப்போது கூப்பிடுவார் என்று காத்திருக்கவும் செய்தாள்.

ஆனால் அவள் ஒன்றை மறைத்திருந்தாள்.

போன வருஷம் ஒரு சளி பிடித்தபோது ஆரம்பித்தது. இருமினால் சிறுநீர் இரண்டு சொட்டு சேலையில் விழும். சளி போய்விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். சளி போனது, அது போகவில்லை. தும்மினால், குனிந்து அரிசி மூட்டையை இழுத்தால், படியிறங்கினால் வந்தது. அப்புறம் இன்னொரு விதமாகவும் தொடங்கியது. இப்போதுதான் போய் வந்திருப்பாள், மறுபடி முட்டும். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டாலே போதும், ஓட வேண்டும். ஓடிப் போவதற்குள் பாதி போய்விடும். அவருடைய பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து மடித்து, குமரியாக இருந்த காலத்தில் செய்தது போலவே வைத்துக்கொள்ளப் பழகினாள். இனி வேண்டாம் என்று எதற்குத் தலைமுழுகினாளோ, அதே துணியைத் துவைத்து, யார் கண்ணிலும் படாமல் பின்னறையில் காயப்போட வேண்டியதாயிற்று.

இது தீட்டா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. குருசாமியைக் கேட்கலாம். குருசாமி அவளுடைய புருஷன். எப்படிக் கேட்பது? கேட்டால் மாலையைக் கழற்றச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் வேறு. அதனால் அவளே ஒரு வழி வைத்துக்கொண்டாள். நனைந்தால் குளிப்பது. விரதத்துக்குக் காலையும் மாலையும் குளிக்கிறாள் என்றுதான் வீட்டில் இருந்தவர்கள் நினைத்தார்கள். இடையில் அந்த அடைமழைக் குளிரில் அவள் தலையில் ஊற்றிக்கொண்ட பச்சைத் தண்ணீருக்குக் கணக்கில்லை. குடிக்கிற தண்ணீரையும் குறைத்தாள். குடித்தால்தானே வரும். விரதத்தில் தாகம் எடுக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தாள். உதடு வெடித்தது. ஒன்றுக்குப் போகும்போது எரிந்தது. மலையிலிருந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மார்கழி பிறக்கச் சில நாள் இருக்கும்போது நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பஜனை வைத்திருந்தார்கள். அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் விஜயலெட்சுமியும் அந்த வருஷம் முதல் மலைக்கு மாலை போட்டிருந்தாள். சந்திரகாந்தியை விட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். ஆனாலும் டவுனில் கடை வைத்திருக்கும் வீட்டு அம்மா என்ற மரியாதைக்கு அக்கா என்றே கூப்பிடுவாள். ராமநாதன் வழக்கமாகப் பிடிக்கும் றுஷ்தியின் வேனில், ஐயப்பன் படம், குத்துவிளக்கு, பூசைப் பாத்திரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு காலையிலேயே புறப்பட்டார்கள். சந்திரகாந்தி புறப்படுமுன் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பஜனை முடிந்து பானகம் கொடுத்தார்கள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் வாங்கிக் குடித்தாள்.

திரும்பும்போது மழை. பாதி வழியில் ரோட்டுக்கு மேலே இருந்த மண்மேடு சரிந்து, கல்லும் மரமுமாகக் குறுக்கே கிடந்தது. முன்னால் ஒரு பஸ், இரண்டு லொறி, நாலைந்து ஆட்டோ. மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வரும்வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் டவுனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதற்காக விஜயலெட்சுமியும் வேனில் வந்திருந்தாள். சாமிமார் இறங்கி ரோட்டோரமாக ஒதுங்கிப்போய் வந்தார்கள். ஆண்களுக்கு அது ஒரு காரியமா?

சந்திரகாந்தி கால்களை இறுக்கிக்கொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வியர்த்தது. அவளுடைய முகத்தைப் பார்த்த விஜயலெட்சுமி மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணுக்கு வருதாக்கா?"

சந்திரகாந்தி தலையை மட்டும் அசைத்தாள்.

"அந்தா மேல லயம் தெரியுதில்ல? அங்க எனக்குத் தெரிஞ்ச வீடு இருக்கு. கக்கூசு சுத்தமாத்தான் வச்சிருப்பாங்க. வாங்க, ரெண்டு பேரும் போயிட்டு வந்துருவோம்."

சந்திரகாந்தி எழுந்துவிட்டாள். வேன் கதவருகே குடை பிடித்து நின்ற ராமநாதனிடம், "கொஞ்சம் மேல போயிட்டு வந்துர்றேங்க" என்றாள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்து வீட்டு வரிசையை அவர் ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "கழுத்துல மாலையோட தெரியாத வீட்டுக்கெல்லாம் போறது நல்லால்ல சாமி. அங்க யாரு எப்பிடி இருக்காங்களோ. பெக்கோ வந்துருச்சு பாருங்க. கொஞ்ச நேரத்துல வீட்டுக்கே போயிறலாம்."

அவர் பதமாகத்தான் சொன்னார். விஜயலெட்சுமியின் முகம் சுருங்கியது. "நான் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் படியேறினாள். சந்திரகாந்தி அவள் போவதைப் பார்த்தபடி மறுபடி உட்கார்ந்தாள். அவசரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆண்கள் நிற்கும்போது அந்த வார்த்தை வரவில்லை.

விஜயலெட்சுமி திரும்பி வந்த பிறகும் ரோடு திறக்க நேரமெடுத்தது. கடைசியில் வழி விட்டார்கள். றுஷ்தி வேனை எடுத்தான். மண்குவியல் மேல் சக்கரம் ஏறி இறங்கி ஒரு குலுக்குக் குலுக்கியது. அவ்வளவுதான். சந்திரகாந்தி எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை. சூடாக இறங்கி, மடித்து வைத்திருந்த துணியைத் தாண்டி, சேலையைத் தாண்டி, சீட்டில் ஊறியது. முன்னால் சாமிமார் சரணம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவளும் வாயை அசைத்தாள். பக்கத்தில் இருந்த விஜயலெட்சுமி ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டாள். மழைச் சாரல் இருவர் முகத்திலும் அடித்தது.

கடைவாசலில் எல்லாரும் இறங்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. கறுப்புச் சேலையில் ஈரம் தெரியாது என்ற ஒரு தைரியத்தில் கடைசியாக இறங்கி, யாரையும் பார்க்காமல் மாடிக்கு ஏறிப்போய்க் குளித்தாள்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டு ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். றுஷ்தி பின்சீட்டைக் கழற்றித் தெருவோரத்தில் வைத்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். அதை யாரும் கவனிக்காதபடி டயரையும் கதவையும் சேர்த்தே கழுவினான். அவன் கழுவி முடித்ததும் ராமநாதன் ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீரோடு வந்தார். வேனுக்குள் மாவிலையால் தெளித்தார். ஐயப்பன் படத்தையும் குத்துவிளக்கையும் பாத்திரங்களையும் வெளியில் எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. மந்திரமோ சரணமோ, மேலே கேட்கவில்லை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், நேற்று இரவு சாப்பிடும்போது ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மாடிக்கு வந்து, "சாமி, இன்னைக்கு அடுப்படி வேலைய மருமக பாக்கட்டும். நீங்க இருங்க" என்று மட்டும் சொன்னார். பின்னறையில் இருந்த காலத்தில் கேட்ட அதே பேச்சு. சந்திரகாந்தி குளியலறைக்குப் போய் மறுபடி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

அன்று பின்னேரமே காய்ச்சல் கண்டது. நடுக்கத்தில் பல் கிட்டியது. இடுப்பின் பின்பக்கம் கத்தியால் குத்துகிற மாதிரி வலி. மருமகள் கம்சலா கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப்போனபோது இரத்தமாகப் போவதைக் கண்டு பயந்துபோனாள்.

"மாமி, எத்தன நாளா இப்பிடி?"

"ஒங்க மாமாகிட்ட சொல்லாத" என்றுதான் சந்திரகாந்தி பதில் சொன்னாள்.

கம்சலா அதைக் காதில் வாங்காமல், ஆட்டோ பிடித்து டொக்டர் ஸிஹாமாவிடம் கூட்டிப்போனாள். டொக்டருக்கும் நடுவயதுதான். சிறுநீரைப் பரிசோதிக்கக் கொடுத்து, ஊசி போட்டு, படுக்க வைத்து, கம்சலாவை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். முதலில் சந்திரகாந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இருமலில் தொடங்கி வேன் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வெக்கப்பட இதுல ஒண்டுமில்லம்மா" என்றார் டொக்டர். "மாதவிலக்கு நின்டா உடம்புல ஒரு சுரப்பு குறைஞ்சு போகும். அதால சலக்குழாய், அதச் சுத்தின தோல் எல்லாம் காஞ்சு மெல்லிசாகும். கிருமி லேசா ஏறும். அடக்கிற சக்தி குறையும். பிள்ளை பெத்த பெண்களுக்குக் கீழ்ச்சதையும் தளர்ந்துதான் இருக்கும். இங்க வாற உங்கட வயசுப் பெண்கள்ல நிறையப் பேருக்கு இது இருக்கு. எல்லாரும் உங்கள மாதிரிக் கடைசியிலதான் வாறாங்க."

"தண்ணிகூடக் குடிக்காமத்தான் இருந்தேன் டொக்டர்."

"அதுதான் பிழை. குடிக்காட்டி சலம் தடிச்சுப் பையையே எரிக்கும். இன்னும் அடிக்கடி முட்டும். இப்ப கிருமி கிட்னி வரைக்கும் போயிருக்கு."

மருந்து தந்தார். காய்ச்சல் விட்ட பிறகு பூசுவதற்கு ஒரு கிரீம் எழுதினார். சலத்தை அடக்குவது போலக் கீழ்ச்சதையை இறுக்கி, கொஞ்சம் வைத்திருந்து விடும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். தினமும் செய்ய வேண்டும், மூன்று நாலு மாதத்தில் வித்தியாசம் தெரியும் என்றார்.

"நாலு மாசமா? எனக்கு மார்கழில மலைக்குப் போகணுமே" என்றாள் சந்திரகாந்தி.

டொக்டர் அவளுடைய கழுத்து மாலையைப் பார்த்தார். "இந்தக் காய்ச்சலோட நான் போகச் சொல்ல மாட்டேன். மாறினாப் பிறகு போறதும் போகாததும் உங்கட விருப்பம். துணி வச்சுக்கொண்டு, நேரத்துக்கு நேரம் இறக்கிவிடச் சொல்லிப் போகலாம். ஆனா கூட வாறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

காய்ச்சல் ஒரு வாரத்தில் தணிந்தது. அதன் பிறகு ஒருநாள் ராமநாதன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சந்திரகாந்தி எல்லாவற்றையும் சொன்னாள், டொக்டர் சொன்ன வார்த்தைகளிலேயே. மலைப் பயணத்தில், கடல் தாண்டிப் போய் இறங்கிய பிறகு, அங்கங்கே பஸ்ஸை நிறுத்தச் சொன்னால் போதும் என்றாள். அவர் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். "எனக்கு ஒண்ணுமில்ல காந்தி. ஆனா பஸ்ஸு நெறைய சாமிமாரு. இருமுடி எல்லாம் பக்கத்துல இருக்கும். ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா குருசாமின்னு நான் எப்பிடி நிக்கிறது? அடுத்த வருஷம் சொகமானப்புறம்..."

"அடுத்த வருஷம் நீங்க போகப் போறதில்லயே."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சந்திரகாந்தியின் காதில் நின்றது அவர் சொன்ன காரணம் அல்ல. காந்தி என்று கூப்பிட்டுவிட்டார். மாலை இன்னும் கழுத்தில் கிடக்கிறது, அதற்குள் அவர் வாயிலிருந்து சாமி போய்விட்டது.

"கழட்டிருங்க" என்றாள்.

"அவசரமில்ல. யோசிச்சு..."

"வேணாம். கழட்டிருங்க."

சாமியறையில் வைத்துக் கழற்றினார். மாலை அவளுடைய கூந்தலில் சிக்கி, இரண்டு மணி முடியில் மாட்டிக்கொண்டது. அவருக்கு எடுக்க வரவில்லை. சந்திரகாந்தியே கையைப் பின்னால் கொண்டுபோய், முடியைப் பிய்த்து மாலையை விடுவித்துக் கொடுத்தாள்.

கட்டு நிறைக்கும் நாளில் விஜயலெட்சுமி அவளைத் தேடி மாடிக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எனக்கும் இருக்குக்கா" என்றாள். "இருமினா வந்துரும். கொழுந்துக்கூடையத் தூக்கினாலும் வரும். எங்க பக்கம் பாதிப் பொம்பளைங்களுக்கு இருக்கு. தேயில மலையில நிக்கும்போது எங்க போறது? அடக்கி அடக்கி இப்பிடி ஆச்சு. யாரும் வெளியில சொல்றதில்ல. நானும் சொல்லல. துணி வச்சிக்கிட்டுத்தான் போறேன்."

"அன்னைக்கு வேன்ல ஒங்களுக்குப் புரிஞ்சிருச்சா?"

"புரியாம என்னக்கா. அன்னைக்கு நீங்க எங்கூட மேல வந்திருக்கலாம்."

கீழே ராமநாதன் சரணம் சொல்லத் தொடங்கியது கேட்டது. சந்திரகாந்தி எழுந்து, தன் இருமுடிக்கென்று வாங்கிவைத்து, கண் திறந்து, நெய் ஊற்றி அடைத்திருந்த தேங்காயை எடுத்து வந்தாள். வழியில் நின்ற கம்சலா அதைக் கண்டுவிட்டு, "மாமாகிட்ட குடுங்க மாமி, அவரு கொண்டு போவாரு" என்றாள். சந்திரகாந்தி அதை விஜயலெட்சுமியின் கையில் கொடுத்தாள். கூட்டத்தில் விஜயலெட்சுமி அந்தத் தேங்காயோடு போய் நின்றதை ராமநாதன் பார்த்தார். யாருடையது என்று அவருக்குத் தெரியும். வாங்கி, இருமுடிக்குள் வைத்துக் கட்டி, அவளுடைய தலையிலேயே ஏற்றிவிட்டார்.

அவர்கள் போனார்கள், வந்தார்கள். ராமநாதன் தென்னங்கன்றை வைத்துவிட்டு வந்தார். பிரசாதத்தைக் கொடுத்தபோது சந்திரகாந்தி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மலையைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விஜயலெட்சுமி மட்டும் ஒருநாள் டவுனுக்கு வந்தபோது, வழியில் இரண்டு தடவை நனைந்ததையும், யாருக்கும் தெரியாமல் பம்பையில் முழுகி எழுந்ததையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். சந்திரகாந்தியும் சிரித்தாள். அவள் போன பிறகு வெகுநேரம் எந்த வேலையிலும் கை ஓடவில்லை.

டொக்டர் சொன்ன பயிற்சியை அவள் விடவில்லை. தண்ணீர் குடித்தாள், கிரீம் பூசினாள். தையும் மாசியும் பங்குனியும் போய்ச் சித்திரை வந்தபோது எரிச்சல் அறவே இல்லை. தும்மினால் எப்போதாவது ஒரு சொட்டு. துணி வைக்காமல் கடைக்கு இறங்கினாள். குருசாமி வேலையை ராமநாதன் ஹாலிஎல ஊர்க்காரர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். புதியவரின் குழுவில் பெண்களைச் சேர்ப்பதில்லையாம். ஜனுஷன்தான் அதை வந்து சொன்னான். சொல்லிவிட்டு, "ஒங்களுக்கு எதுக்கும்மா அந்த அலைச்சல்" என்றான்.

வைகாசியில் பண்டாரவளையில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அவள் தனியாக பஸ்ஸில் போய் வந்தாள். வளைவுகள், மேடுபள்ளம், நெரிசல். போகும்போதும் வரும்போதும் ஒரு சொட்டு வரவில்லை. கடைவாசலில் ராமநாதன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பஸ்லயா போயிட்டு வந்த? வழியில ஏதும்..." என்று தொடங்கியவர், எப்படி முடிப்பது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல" என்றாள் சந்திரகாந்தி. அவர் இன்னும் ஏதாவது கேட்பாரோ என்று படியில் ஒரு காலை வைத்தபடி கொஞ்சம் நின்றாள். கற்பூரம் வாங்க யாரோ வந்தார்கள். அவர் அங்கே திரும்பினார். அவள் மாடிக்கு ஏறிப் போனாள்.